அண்ணாச்சி பதில்கள்: பேரு தெரியாத சிப்பாய்க்கு ஒரு பூ

டெல்லி டூர் போறவங்க நேஷனல் வார் மெமோரியலை விட்றாதீங்கன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நான் நினைக்கல, வாட்ஸ்அப்ல வேற விடிய விடிய டிங் டிங்னு. அதனால பட்டா மாறுதல், பைக் இன்சூரன்ஸ், மருமகள் சண்டை கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணாச்சி, நாங்க குடும்பத்தோட திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டெல்லி போறோம். எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா 62 சைனா சண்டைக்குப் போனவரு, ஆளைக் காணலன்னு தந்தி வந்ததோட சரி, பாடி வரல. பெரிய ஆச்சி சாகுற வரைக்கும் நெத்திப் பொட்டை அழிக்கல. அவருக்கு அங்க ஒரு பூ போடணும்னு ஆசை. இந்தியா கேட்ல இருந்த விளக்கை அணைச்சுட்டாங்கன்னு சொல்லுதாங்களே, இப்ப எங்க போய்ப் போட?
— ஒரு வாசகி, கடையம்

பதில்: எரியுது தாயி, ஆனா எடம் மாறியிருக்கு. 1971 சண்டை முடிஞ்சதும் இந்தியா கேட் வளைவுக்கு அடியில கறுப்பு மார்பிள் மேடை கட்டி, துப்பாக்கியைத் தலைகீழா நிறுத்தி, அது மேல ஹெல்மெட்டை மாட்டி, பக்கத்துல தீ எரிய விட்டு 1972 ஜனவரி 26ம் தேதி இந்திரா காந்தி அம்மா திறந்து வச்சாங்க, அதுதான் அமர் ஜவான் ஜோதி. அம்பது வருஷம் அங்கனதான் எரிஞ்சுது. 2022 ஜனவரி 21ம் தேதி அந்தத் தீயை எடுத்துட்டுப் போய், பக்கத்துலயே 2019 பிப்ரவரியில திறந்த நேஷனல் வார் மெமோரியல் தீயோட சேத்துட்டாங்க. அந்தத் துப்பாக்கியும் ஹெல்மெட்டும் அதே வருஷம் மே மாசம் அங்க போயிருச்சு. சேத்தாங்கன்னு ஒரு கட்சி, அணைச்சாங்கன்னு ஒரு கட்சி, அன்னைக்கு டிவியில பூரா இதே சண்டைதான், நமக்கு அது வேண்டாம்.

நீங்க போக வேண்டியது மெமோரியலுக்கு. இந்தியா கேட்டுல இருந்து நடந்து போற தூரம்தான், டிக்கெட் கெடையாது. வட்டத்துக்குள்ள வட்டமா நாலு வட்டம் போட்டுக் கட்டியிருக்காங்க. நடு வட்டத்துல ஒசந்த தூணும் தீயும், அடுத்த வட்டத்துல ஆறு பெரிய வெண்கலச் சிற்பம், அதுக்கடுத்து சுவரு சுவரா கிரானைட் கல்லு, ஒவ்வொரு கல்லுலயும் ஒரு ஆளோட பேரு, ரேங்க், ரெஜிமெண்ட். கடைசி வட்டம் மரங்க, எல்லைக் காவல்னு அதுக்கு அர்த்தமாம். சுதந்திரத்துக்கு அப்புறம் செத்தவங்க பேரு ஏறத்தாழ 26 ஆயிரம் இருக்கு. (இதை டிசைன் பண்ணினது சென்னைக்காரங்க, வீபி டிசைன் லேப்னு ஒரு ஆபீஸ், உலக அளவு போட்டியில ஜெயிச்சுக் கட்டினது. டெல்லியில போய் நின்னு கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.)

இப்ப உங்க விஷயம். சண்டையில காணாம போனவங்களையும் காலம் கழிச்சு இறந்ததா அறிவிச்சுருவாங்க, அதனால பெரியப்பா பேரு அந்தச் சுவத்துல இருக்கதுக்கு நெறைய வாய்ப்பு இருக்கு. மெமோரியல் வெப்சைட்டுலயே பேரு தேடலாம். போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற அந்தத் தந்தி, பென்ஷன் புக்கு, எதுலயாவது ஆர்மி நம்பரும் ரெஜிமெண்ட் பேரும் இருக்கான்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க, வெறும் பேரை மட்டும் வச்சுக்கிட்டு 26 ஆயிரத்துல தேடுறது லேசுல முடியிற சோலி இல்ல. கல்லு கெடச்சுதுன்னா அந்தக் கல்லு முன்னால நின்னு கும்பிடுங்க. பூவை நேரா கொண்டுபோய்த் தீ கிட்ட வைக்க முடியாது, காவல் நிக்கும், வாசல்ல இருக்கிற ராணுவ ஆளுங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிக் கேளுங்க. சாயங்காலம் கொடி இறக்கிற நேரத்துல இறந்த வீரர் ஒருத்தரோட குடும்பத்தைக் கூப்பிட்டு மாலை வைக்கச் சொல்லுவாங்க, அதை இருந்து பாத்துட்டு வாங்க.

இன்னொண்ணும் சொல்லுதேன். 62ல மலை மேல விட்டுட்டு வந்தவங்க விஷயம் வேற மாதிரி. லடாக்ல ரெசாங் லாங்கிற கணவாய்ல நவம்பர் 18ம் தேதி கடைசி ஆள் வரைக்கும் நின்னு சண்டை போட்ட குமாவுன் ரெஜிமெண்ட் ஆட்களை அடுத்த வருஷம்தான் கண்டெடுத்தாங்க, ஆயுதம் பிடிச்ச கை பிடிச்சபடியே உறைஞ்சு கெடந்துருக்கு. சியாச்சின்ல 1984ல பனிச்சரிவுல போன ஒருத்தரு 2022 ஆகஸ்ட்ல கெடச்சாரு, 38 வருஷம் கழிச்சு. அடையாளம் காட்டுனது அவரு கூடவே கெடந்த நம்பர் பொறிச்ச தகடு. ஊருக்குக் கொண்டுவந்து மரியாதையோட எரிச்சாங்க, அவரு சம்சாரம் உயிரோட இருந்து பாத்தாங்க. உங்க ஆச்சி பொட்டை அழிக்காம இருந்ததை யாரும் கிறுக்குன்னு சொல்லிற முடியாது.

கேள்வி: பேர் தெரியாத வீரர் கல்லறைன்னு லண்டன், பாரிஸ்ல எல்லாம் இருக்கே, உள்ள நிஜமாவே பாடி இருக்கா? யாருன்னே தெரியாதுன்னா தங்களோட நாட்டு ஆளுன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: நல்லா கேட்ட தம்பி. லண்டன்லயும் பாரிஸ்லயும் நிஜமாவே ஆள் இருக்காரு. உடுப்பு, பட்டன், பூட்ஸ் இதை வச்சு எந்த நாட்டுப் படைன்னு சொல்லிருவாங்க, ஆளு யாருன்னுதான் சொல்ல முடியாது. முதல் உலகப்போர்ல அப்படித்தான் ஆயிப்போச்சு, பீரங்கி குண்டு விழுந்து பொதைஞ்சவன் மேலயே இன்னொரு குண்டு விழும்.

இந்த யோசனை வந்தது டேவிட் ரெயில்டன்னு ஒரு பாதிரியாருக்கு. 1916ல பிரான்ஸ்ல ஆர்மென்டியேர்ங்கிற ஊர்ல, அவரு தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்துல ஒரு குழிமேடு, அதுமேல மரச்சிலுவை, அதுல பென்சில்ல ‘பேர் தெரியாத பிரிட்டிஷ் சிப்பாய்’னு கிறுக்கியிருந்துதாம். சண்டை முடிஞ்சப்புறம் அவரு எழுதிப்போட்ட கடுதாசியிலதான் காரியம் நடந்துச்சு. வேற வேற போர்க்களத்துல இருந்து அடையாளம் தெரியாத சில உடல்களைத் தோண்டி எடுத்து, ராத்திரியில கொடியைப் போத்தி வச்சு, ஒரு தளபதி உள்ள போய் ஒண்ணைத் தொட்டுருக்காரு. எது எந்தக் களத்துல இருந்து வந்துச்சுன்னு அவருக்கும் தெரியக்கூடாதுங்கிறதுதான் ஏற்பாடு. 1920 நவம்பர் 11ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம், குழியை மூடுன மண்ணு கூட பிரான்ஸ்ல இருந்து வந்தது. அந்தக் கோயில்ல தரை பூரா ராஜா, கவிஞர், விஞ்ஞானின்னு கல்லறையா இருக்கும், ஜனங்க மிதிச்சுக்கிட்டுத்தான் நடப்பாங்க, இந்த ஒரு கல்லை மட்டும் யாரும் மிதிக்கக்கூடாது, கல்யாண ஊர்வலம் வந்தாலும் சுத்தித்தான் போகணும்.

பாரிஸ்லயும் அதே நாளுதான் பெட்டியைக் கொண்டுவந்தாங்க, குழியில இறக்குனது 1921 ஜனவரியில. அங்க தேர்ந்தெடுத்த கதைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. வெர்டன் கோட்டைக்குள்ள எட்டு சவப்பெட்டி வரிசையா இருக்கு, ஒகுஸ்த் தேங்னு ஒரு சின்னப் பையன், சாதா சிப்பாய், அவன் கையில ஒரு பூங்கொத்தைக் கொடுத்து எதுலயாவது வைன்னுட்டாங்க. அவன் என்ன பண்ணினான்னா, தான் இருக்கிறது 132வது ரெஜிமெண்ட், ஒண்ணும் மூணும் ரெண்டும் ஆறு, தன்னோட படைப்பிரிவும் ஆறாவது கோர், அதனால ஆறாவது பெட்டின்னு வச்சுட்டான். அவ்வளவுதான். ஒரு நாடே நூறு வருஷமா தலை குனியிற ஆளை ஒரு பையன் கூட்டல் கணக்குப் போட்டு எடுத்துருக்கான். அந்தக் கல்லறையில எரியிற தீ 1923ல ஏத்தினது, இன்னைக்கும் தினம் சாயங்காலம் ஆறரைக்கு தூண்டிவிடுவாங்க.

அமெரிக்காவுல ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில கதை வேற பக்கம் திரும்பிருச்சு. வியட்நாம் சண்டைக்குன்னு 1984ல ஒருத்தரை அங்க அடக்கம் பண்ணுனாங்க, 1998ல தோண்டி டிஎன்ஏ பாத்தா மைக்கேல் பிளாஸீங்கிற விமானப்படை ஆபீசர்னு தெரிஞ்சுபோச்சு. குடும்பத்துக்கிட்ட கொடுத்துட்டாங்க. அந்தக் குழி இப்ப காலி, வேற யாரையும் வைக்கல. டிஎன்ஏ வந்தப்புறம் பேரு தெரியாத சிப்பாய்னு புதுசா ஒருத்தரைச் சொல்லுறதே கஷ்டம்.

நம்ம அமர் ஜவான்ல உடல் எதுவும் கெடையாது தம்பி, துப்பாக்கியும் தொப்பியும்தான்.

கேள்வி: யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு 176 கோடியில நினைவிடம், உயிரோட இருக்கிற எக்ஸ்-சர்வீஸ்மேன் பேங்க் வாசல்ல துப்பாக்கியோட ஸ்டூல் போட்டு உக்காந்துருக்கான். இதெல்லாம் வெட்டிச் செலவுன்னு நான் சொல்லுதேன், நீர் என்ன சொல்லுதீர்?
— ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கோவம் நியாயம்தான் வே, ஆனா ரெண்டு கணக்கைப் போட்டுக் குழப்புதீர். 176 கோடியில கட்டுனது பேரு தெரிஞ்சவங்களுக்கு, மேல சொன்ன 26 ஆயிரம் பேருக்கு. பேரு தெரியாதவனுக்கு ஆன செலவு ஒரு மேடையும் கேஸும்தான். செக்யூரிட்டி வேலைக்குப் போற எக்ஸ்-சர்வீஸ்மேனுக்கு வேற வழி பண்ணணும்னா அந்தச் சண்டையைப் போட வேண்டிய எடம் வேற, நம்ம ஜில்லாவுலயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கு, வருஷா வருஷம் டிசம்பர் 7 கொடி நாள், 1949ல இருந்து நடக்குது, அந்த உண்டியல் நீட்டும்போது நீரு எவ்வளவு போட்டீர்னு உமக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

யாருன்னே தெரியாதவனுக்கு எதுக்குன்னு கேட்டீர்ல, அதுக்கு வாரேன். முதல் உலகப்போர்ல செத்த யார் உடலையும் ஊருக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு பிரிட்டிஷ்காரன் சட்டமே போட்டுட்டான், பணக்காரன் மட்டும் கப்பல்ல கொண்டுவந்துருவான், ஏழை என்ன செய்வான்னு காரணம் சொன்னாங்க. அந்த சாம்ராஜ்யத்துப் படையில செத்தவங்கள்ல ஏறத்தாழ பாதிப் பேருக்கு இன்ன எடத்துல இன்னாரு கெடக்காருன்னு சொல்ல கல்லறையே கெடையாது. அப்ப லண்டன்ல அந்த ஒரு பெட்டி வந்து இறங்குனதும் லட்சக்கணக்குல ஜனம் ராத்திரி பகலா வரிசையில நின்னுருக்கு. வேடிக்கை பாக்கவா வந்தாங்க? உள்ள இருக்கிறது எம்புள்ளையா இருந்தா என்ன செய்யன்னு ஒவ்வொருத்தியும் வந்துருக்கா. பேரு போட்டிருந்தா அது ஒரு வீட்டுச் சாவு, போடாததுனால ஊர்ச் சாவு. கடையம் தாயி எழுதியிருக்கிற ஆச்சிக்கு அப்படி ஒரு எடம் கையெட்டுற தூரத்துல இருந்துருந்தா போய் ஒரு பாட்டம் அழுதுட்டாவது வந்துருப்பாங்க. அதை வெட்டிச் செலவுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

கேள்வி: செல்ஃபி எடுக்கலாமா அண்ணாச்சி?
— கல்லிடைக்குறிச்சி

பதில்: வெளிய எடுங்க. உள்ள எது விடுவாங்க எது விடமாட்டாங்கன்னு போர்டு பாத்து நடங்க. தீக்கு முன்னால நின்னு ரெண்டு விரலைக் காட்டிப் பல்லைக் காட்டாதீங்க, பக்கத்துல நிக்கிறவரு வீட்டு ஆளு அந்தச் சுவத்துல இருக்கலாம்.

கேள்வி: எங்க தாத்தா சிங்கப்பூர்ல கடை வச்சிருந்தவரு, நேதாஜி படைக்கு ஆளும் பணமும் போனதை நெறைய சொல்லுவாரு. எம்பையன் இப்ப அங்கதான் வேலை பாக்கான், அடுத்த மாசம் போறேன். நேதாஜி அங்க பேர் தெரியாத வீரனுக்கு ஒரு சின்னம் கட்டினாருன்னு கேள்விப்பட்டேன், அது இன்னும் இருக்கா?
— ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: கடையநல்லூர், தென்காசிக்காரங்களுக்கு சிங்கப்பூர் பக்கத்துத் தெரு மாதிரி, என்னைவிட உங்களுக்கு வழி நல்லா தெரியும். சின்னம் இல்ல பாய், எடம் இருக்கு. 1945 ஜூலை 8ம் தேதி கடற்கரை எஸ்பிளனேட்ல நேதாஜி அடிக்கல் போட்டு, ஐஎன்ஏ-வுல, அதான் நேதாஜி படையில, செத்த பேரு தெரியாத வீரனுக்குன்னு கட்டுனாரு. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்னு பொருள் வர்ற மூணு உருது வார்த்தை அதுல இருந்துச்சு. அப்ப பர்மாவுல படை சிதறிப் போச்சு, இம்பால் தோத்தாச்சு, ஜப்பான்காரன் விழப்போறான்னு அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும், ஆனாலும் அவசர அவசரமா கட்டச் சொல்லியிருக்காரு. செப்டம்பர்ல வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், வந்த கையோட வெடி வச்சுத் தகர்த்துட்டான். கல்லு என்னய்யா செஞ்சுது உன்னன்னு கேக்கத் தோணுது. அந்தப் படையில மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழங்க எத்தனை பேரு, பால் வெட்டிக்கிட்டு இருந்தவன் துப்பாக்கி தூக்குனான், அவன் செத்தா தந்தி கொடுக்கதுக்கு எந்த அட்ரஸ்னு கூட பல பேருக்குக் கெடையாது. சரி, 1995ல சிங்கப்பூர் அரசாங்கம் அந்த எடத்துல அடையாளக் கல்வெட்டு வச்சுச்சு. எஸ்பிளனேட் பார்க்ல தேடுங்க, சின்னதாத்தான் இருக்கும்.

அங்கனயே பீச் ரோட்டுப் பக்கம் நாலு வெள்ளைத் தூணு ஒசரமா நிக்கும், 1967ல லீ குவான் யூ திறந்தது. அது சிப்பாய்க்கு இல்ல, ஜப்பான்காரன் காலத்துல செத்த பொதுஜனத்துக்கு. சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர்னு நாலு இனத்துக்கு நாலு தூணு, அடியில அடையாளம் தெரியாதவங்க எலும்பு தாழியில வச்சிருக்கு. தமிழ்லயும் எழுதியிருக்கும், நின்னு படிச்சுட்டு வாங்க.

பையனுக்கு லீவு இருந்தா கிராஞ்சியும் போங்க, எம்ஆர்டி மெட்ரோ ரயில்லயே போயிறலாம். மேட்டு மேல போர் கல்லறை, 4,400க்கும் மேல குழி, அதுல 850 பேருக்கு மேல யாருன்னு தெரியாது. மேல இருக்கிற நினைவுச் சுவத்துல உடல் கெடைக்காதவங்க பேரு 24 ஆயிரத்துக்கும் அதிகம், இந்தியப் படை ஆளுங்க பேரும் நெறைய இருக்கும், நம்மூருப் பேரா கண்ணுல படும், இங்கிலீஷ்ல கன்னாபின்னான்னு எழுதியிருப்பான், வாய்விட்டு வாசிச்சாத்தான் புரியும். ஓரமா ஆஸ்பத்திரி நினைவுச்சின்னம் ஒண்ணு உண்டு. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் விழுற நேரம், பெரியாஸ்பத்திரியில செத்தவங்களைத் தனித்தனியா பொதைக்க நேரமில்ல, அவசரத் தண்ணித் தொட்டிக்குன்னு தோண்டுன குழியிலயே நானூறு பேருக்கு மேல போட்டு மூடிட்டாங்க, சிப்பாயும் ஜனங்களும் ஒண்ணா. அதுல நம்மவங்களும் இருக்காங்க. ஒரு ஃபாத்திஹா ஓதிட்டு வாங்க.

கேள்வி: ஐயா, டெல்லி, சிங்கப்பூர் இருக்கட்டும். நம்ம திருநெல்வேலிச் சீமையில பேர் தெரியாத வீரர்களுக்குன்னு ஒண்ணும் கெடையாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வள்ளியூர்

பதில்: இதுக்குத்தான் சார் காத்துக்கிட்டு இருந்தேன், கொஞ்சம் நீளமாப் போகும், காப்பி போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல பாஞ்சாலங்குறிச்சி. இப்ப தூத்துக்குடி ஜில்லா, ஆனா 1986 வரைக்கும் நம்ம ஜில்லாதான். 1974ல கட்டுன நினைவுக் கோட்டையை எல்லாரும் பாப்பாங்க, பஸ்ஸு பஸ்ஸா ஸ்கூல் புள்ளைங்க வரும். பக்கத்துல வெள்ளைக்காரக் கல்லறை இருக்கதை முக்காவாசிப் பேரு பாக்கதில்ல. 1799லயும் 1801லயும் கோட்டையைப் பிடிக்க வந்து செத்த ஆபீசருங்க அங்க கெடக்காங்க, பேரு, ரேங்க், செத்த தேதி எல்லாம் கல்லுல வெட்டியிருக்கு. கும்பினிப் படையில முக்கால்வாசி நம்ம ஊர்ச் சிப்பாய்ங்க, அவங்களும் அதே சுவத்துல ஏறி அதே ஈட்டிக்குத்து வாங்கித்தான் செத்தாங்க, அவங்களுக்குக் கல்லு கெடையாது. உள்ள நின்னு சண்டை போட்டவங்களுக்கும் கெடையாது. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சண்டை முடிஞ்சதும் கோட்டையையே இடிச்சு உழுதுபோட்டவன் அவங்க பேரை எழுதி வைக்கவா போறான்? ஆக ஒரே மண்ணுல மூணு தரத்துச் சாவு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, அந்தச் சிப்பாய் பேரு தெரியாம போனவன் இல்ல. சம்பளப் பட்டியல்ல பேரு இருந்துருக்கும், கூட நின்னவனுக்குப் பேரு தெரியும், ஊரு தெரியும். எழுதல, அவ்வளவுதான். லண்டன்ல கெடக்கிறவரு யாருன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது, அது ஒரு விதம். இது இன்னொரு விதம், தெரிஞ்சே விட்டது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு ‘பேரறியா வீரர்’னு கும்பிடு போட்டுட்டு வர எனக்கு மனசு ஒப்பல.

அடுத்தது பாளையங்கோட்டை பேரையே வச்சிருந்த ஒரு பட்டாளம், 63வது பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி. பேருதான் நம்மூரு, ஆளுங்க சென்னை மாகாணத்துல பல பக்கத்துக்காரங்க. 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல டாங்கான்னு ஒரு துறைமுகம், ஜெர்மன்காரன் கையில இருந்துச்சு, அதைப் பிடிக்க இவங்களையும் கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. எட்டாயிரம் பேரு போய் ஆயிரம் பேருகிட்ட தோத்துட்டு வந்தாங்க. காட்டுக்குள்ள சண்டை நடக்கும்போது மரத்துல இருந்த தேனீ கலைஞ்சு கொட்டினதுனால அந்தச் சண்டைக்கே தேனீச் சண்டைன்னு பேரு. 63வது பட்டாளம் கலைஞ்சு ஓடிருச்சுன்னு வெள்ளைக்காரன் எழுதின சரித்திரத்துல கேவலமா எழுதி வச்சிருக்கான். வாரக்கணக்கா கப்பல்ல அடைச்சுப் போட்டு, எதிரி எங்க இருக்கான்னு வேவு கூட பாக்காம காட்டுக்குள்ள எறக்கிவிட்ட ஜெனரலைப் பத்தி அந்த அளவுக்கு எழுதல. ஓடுனான்னு எழுதத் தெரிஞ்சவனுக்கு, ஓடாம அங்கனயே செத்தவனும் அந்தப் பட்டாளத்துல இருப்பாம்ல, அது தெரியல.

முதல் உலகப்போர் முடிஞ்சப்புறம் இந்தியா பூரா பல ஊர்கள்ல சின்னச் சின்னக் கல்வெட்டு பதிச்சாங்க. ‘1914–1919 மகா யுத்தத்துக்கு இந்த ஊர்ல இருந்து இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரைக் கொடுத்தாங்க’ன்னு இங்கிலீஷ்ல இருக்கும். எண்ணிக்கை மட்டும். பேரு கெடையாது. ஒரு கிராமத்துல போனவன் யாரு வராதவன் யாருன்னு ஊருக்கே தெரியும், நாலு பேரு எழுதக் கல்லுல எடம் இல்லையா? உங்க ஊர்ல பழைய தாலுகா ஆபீஸ், சாவடி, மணிக்கூண்டு, சர்ச் சுவரு இப்படி எங்கயாவது சுண்ணாம்பு அடிச்சு மூடிக் கெடக்கான்னு பாருங்க சார், இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்க, இந்தப் பக்கத்துலயே போடுவோம்.

இராக்ல பாஸ்ரா நினைவுச்சின்னம்னு ஒண்ணு. மெசொப்பொட்டேமியா பக்கம் செத்து, கல்லறை இல்லாத 40 ஆயிரம் பேருக்கு மேல அதுல கணக்கு. வெள்ளைக்காரன்னா சாதா சிப்பாய் வரைக்கும் பேரு. இந்தியன்னா ஆபீசருக்கு மட்டும் பேரு, மத்தவனுக்கு ரெஜிமெண்டைப் போட்டு இத்தனை பேருன்னு நம்பரு. கல்லறை, சின்னம் எல்லாத்தையும் பாத்துக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நூறு வருஷம் கழிச்சு 2021 ஏப்ரல்ல தானே ஒரு ரிப்போர்ட் வெளியிட்டு மன்னிப்பும் கேட்டுச்சு. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து ஆளுங்க 45 ஆயிரத்துல இருந்து 54 ஆயிரம் பேருக்கு சமமா மரியாதை செய்யல, அதுபோக குறைஞ்சது 1,16,000 பேரு, ஒருவேளை மூணரை லட்சம் பேரு கூட இருக்கலாம், அவங்க பேரே எங்கயும் எழுதல, இல்ல நினைவுச்சின்னமே இல்லன்னு அதுலயே ஒத்துக்கிட்டாங்க. செத்தா ஆபீசரும் சிப்பாயும் ஒரே அளவுக் கல்லுக்குக் கீழதான்னு பெருமையா சொல்லிக்கிட்ட நிறுவனம் சார் அது. ஐரோப்பாவுல அதை ஒழுங்காத்தான் செஞ்சான், தோல் நிறம் மாறினதும் கணக்கும் மாறிருச்சு.

கேள்வி: எல்லாம் சரி அண்ணாச்சி, நம்ம சொரிமுத்து ஐயனார் கோயில் பட்டவராயன் சாமியும் இந்த மாதிரிதானே? சண்டையில பட்டவருதானே அவரும்?
— விக்கிரமசிங்கபுரம்

பதில்: பட்டவருதான், மாடு திருடவந்த கூட்டத்தோட மோதி உசிரை விட்டவரு. ஆனா அவருக்குப் பேரு இருக்கு வே, முத்துப்பட்டன். சம்சாரங்க பொம்மக்கா, திம்மக்கா பேரு வரைக்கும் வில்லுல பாடுதான். செருப்பு தச்சுக் காணிக்கை வைக்கோம், ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள்ள டேரா போட்டுக் கெடக்கோம். அரசாங்கம் எழுதாம விட்டா என்ன, பாடுறவன் விடல.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சென்னைக்கு டூர் கூட்டிட்டுப் போறோம். மெரினா, வண்டலூர் லிஸ்ட்ல இருக்கு. இந்த மாதிரி எடம் ஏதாவது சேத்துக்கலாமா?
— ஒரு டீச்சர், நாங்குநேரி

பதில்: சேருங்க டீச்சர். கோட்டைக்குப் பக்கத்துல கடற்கரை ரோட்டு ஆரம்பத்துலயே போர் நினைவுச் சின்னம் இருக்கு, பஸ்ஸுல போகும்போதே கண்ணுல படும், பத்து நிமிஷம் போதும். அதைவிட நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுவேன், பரங்கிமலை பூந்தமல்லி ரோட்டுல இருக்கு, காசு கெடையாது, புல்லு வெட்டி சுத்தமா வச்சிருப்பாங்க. ரெண்டாம் உலகப்போர்ல செத்த 856 பேரு, பின்பக்கம் முதல் உலகப்போர்ல செத்து இந்தியாவுல அங்கங்க அடக்கமான ஆயிரம் பேருக்கு மேல பேரு எழுதின சின்னம். ஒவ்வொரு கல்லுலயும் பட்டாளச் சின்னம், பேரு, தேதி, வயசு இருக்கும், அந்த வயசை மட்டும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்க. பத்தொம்பது, இருவது, இருவத்திரண்டுன்னு வரும். அவங்க அண்ணன் வயசு. பேரு தெரியாத சிப்பாய்க்கு மேல சொன்ன போர்க் கல்லறை ஆணையம் வைக்கிற கல்லுல ‘கடவுளுக்குத் தெரிஞ்சவன்’னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வரி இருக்கும். அதை எழுதிக் கொடுத்தவரு ‘ஜங்கிள் புக்’ எழுதின ருட்யார்ட் கிப்ளிங், அவரு மகனும் 1915ல பிரான்ஸ்ல லூஸ்ங்கிற ஊர்ல நடந்த சண்டையில காணாம போனவன்தான், தகப்பன் கடைசி வரைக்கும் தேடிப் பாத்தும் உடல் கெடைக்கல. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. சூடம், பத்தி கொளுத்த வேண்டாம், கல்லு கறுத்துரும். பூ வைக்கலாம்.

கேள்வி: என் பூட்டன் முதல் உலகப்போருக்குப் போய் திரும்பலன்னு வீட்டுல பேச்சு. போட்டோ கெடையாது, பேப்பர் கெடையாது, பேரு மட்டும் தெரியும். எங்க தேட?
— அம்பாசமுத்திரம்

பதில்: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வெப்சைட்டுல போர்ல செத்தவங்களைத் தேடுறதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, ஓசிதான். பூட்டன் பேரை நீங்க எழுதுற மாதிரி போட்டா சிக்காது. அந்தக் காலத்துக் கிளார்க் காதுல விழுந்தபடி எழுதுனவன், முத்துசாமியை ரெண்டா பிரிப்பான், சுடலைமுத்துவுல பாதியை முழுங்கிருவான், மாடசாமிக்கு எத்தனை ‘டி’ போடுவான்னு அவனுக்கே தெரியாது. அதனால பேரை முன்ன பின்ன மாத்தி மாத்திப் போடுங்க, இனிஷியல் போடாதீங்க, நாட்டுக்கு இந்தியப் படைன்னு தேர்ந்தெடுங்க, வருஷம் 1914ல இருந்து 1921 வரைக்கும் விடுங்க, ஏன்னா சண்டை முடிஞ்சு சீக்குல செத்தவங்களையும் அந்தக் கணக்குலதான் வச்சிருக்காங்க. பல பேருக்கு ‘இன்னார் மகன், இன்ன ஊர்’னு கூடுதல் தகவல் இருக்கும். அங்க திருநெல்வேலின்னு இப்ப எழுதுற ஸ்பெல்லிங்கைப் போட்டா ஒண்ணும் வராது, வெள்ளைக்காரன் எழுதின மாதிரி டி-ஐ-என்-என்-இ-வி-இ-எல்-எல்-ஒய்னு போடுங்க. அம்பாசமுத்திரத்துக்கும் ஒரு ‘எஸ்’ கூட்டியோ கொறைச்சோ போட்டுப் பாருங்க. ரெஜிமெண்ட் கெடச்சுட்டா அடுத்த இதழுக்கு எழுதுங்க, அந்தப் பட்டாளம் எந்தக் கப்பல்ல எங்க போச்சுன்னு தேடிருவோம்.